வரிசை ஓரிடம், அடைப்பு வேறிடம்

ராஞ்சிக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று ஆபீசில் எல்லோரும் ஒரு மாதிரி சிரித்தார்கள். நம்மூரில் "கீழ்ப்பாக்கம்" என்று சொன்னால் வருமே ஒரு நமட்டுச் சிரிப்பு, அதேதான். ராஞ்சியில் காங்கே என்ற பகுதியில் இரண்டு பெரிய மனநல மருத்துவமனைகள் இருக்கின்றன. அதில் ஒன்று வெள்ளைக்காரர்களுக்காக 1918-ல் தொடங்கப்பட்டது. நம் கீழ்ப்பாக்கத்தின் பூர்வீகம் 1794 வரை போகிறது. ஆக இந்த விஷயத்தில் நாம்தான் சீனியர் :-)

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்து வைத்தேன். எனக்கு ஒரு அண்ணா இருக்கிறார், பெரியப்பா மகன், அவரும் இப்படி ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்று அங்கே சொல்லவில்லை. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம். நான் பி.காம். படித்தவன், டாக்டரும் இல்லை, கம்ப்யூட்டர் நிபுணரும் இல்லை. ஆனால் வரிசையைப் பற்றிப் பேச ஒரு பேங்க்காரனுக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். இருபது வருஷமாக வரிசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேனே!

2003-ல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாலுகா ஊர்க் கிளையில் இருந்தேன். கோர் பேங்கிங் இன்னும் எட்டிப் பார்க்காத கிளை. பாஸ்புக்கையும் வித்ட்ராயல் ஸ்லிப்பையும் கவுண்டரில் கொடுத்தால் பித்தளை டோக்கன் தருவார்கள். கிளார்க் லெட்ஜரில் எழுதி ஆபீசருக்கு அனுப்புவார். ஆபீசர் பாஸ் செய்து கேஷியருக்கு அனுப்புவார். கேஷியர் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுப் பணம் கொடுப்பார். மாதம் பிறந்தால் பென்ஷன்காரர்கள் கூட்டம் டோக்கன் கவுண்டரில் அலைமோதும். மேனேஜர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் இன்னொரு கிளார்க்கை டோக்கன் கவுண்டரில் உட்கார வைத்தார். என்ன ஆயிற்று? எல்லோர் கையிலும் சீக்கிரமே டோக்கன் வந்துவிட்டது, ஒருவர் கையிலும் பணம் வரவில்லை. கேஷியர் வாங்கிக்கொள்ளாததால் வவுச்சர்கள் என் மேஜையில் குவிந்தன. என் மேஜை நிரம்பியதும் லெட்ஜர் கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்போது எங்கள் பியூன் சொன்னார்: "சாப், அங்கே எத்தனை பேரை உட்கார வைத்தாலும், பணம் கொடுக்கிற கை ஒன்றுதானே?"

அவர் அன்று போகிற போக்கில் சொன்னதை மனநல மருத்துவத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்ட அமெரிக்காவில் 2005 வரை ஆகியிருக்கிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

வரிசையைக் கணக்காகப் பார்த்தவர்களில் முன்னோடி டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்லாங். 1908-ல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். எத்தனை லைன் போட்டால் போதும்? குறைத்துப் போட்டால் வாடிக்கையாளர் திட்டுவார், கூட்டிப் போட்டால் முதலாளி திட்டுவார். கால்கள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தாறுமாறுக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று 1909-ல் அவர் எழுதிய கட்டுரைதான் வரிசைக் கணிதத்தின் பிள்ளையார் சுழி.

ஆனால் ஒரு கவுண்டர் என்றால் சூத்திரம் போதும். ஒன்றையடுத்து ஒன்றாக நாலு கவுண்டர், நடுவில் திரும்பி வருகிறவர்கள், பாதியில் போய்விடுகிறவர்கள் என்றால் சூத்திரம் திணறிவிடும். அதற்கு வழி பிறந்தது ஒரு சீட்டு விளையாட்டில். 1946-ல் ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித மேதை உடம்பு சரியில்லாமல் ஓய்வில் இருந்தபோது தனியாக உட்கார்ந்து சீட்டு ஆடினார். இந்த ஆட்டம் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், மண்டை காய்ந்தது. ஏன் இவ்வளவு கஷ்டம், நூறு தடவை ஆடிப் பார்த்து எத்தனை தடவை ஜெயித்தது என்று எண்ணினால் போகிறது! இந்த யோசனையை நண்பர் வான் நாய்மனிடம் சொல்ல, 1948-ல் எனியாக் என்ற அந்தக் காலத்துப் பூதாகாரக் கம்ப்யூட்டரில் அணுகுண்டு ஆராய்ச்சிக்காக அதை ஓட்டினார்கள். சூதாட்ட ஊரின் பெயரால் மான்டி கார்லோ என்று பேர் வைத்தார்கள். சிமுலேஷன் என்று இன்று நாம் சொல்வதன் சாரம் இதுதான். நிஜத்தில் செய்து கையைச் சுட்டுக்கொள்வதற்குப் பதில், காகிதத்திலோ கம்ப்யூட்டரிலோ ஆயிரம் தடவை ஒத்திகை பார்ப்பது.

ஆஸ்பத்திரிக்கு இந்த ஒத்திகையைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் நார்மன் பெய்லி. 1952-ல் அவர் வெளிநோயாளிகள் காத்திருப்பதைப் பற்றி ஆராய்ந்தார். கம்ப்யூட்டர் கிடையாது. குலுக்கல் எண்களை வைத்துக்கொண்டு, இந்த நோயாளிக்கு இத்தனை நிமிஷம், அடுத்தவருக்கு இத்தனை நிமிஷம் என்று கையாலேயே ஓட்டிப் பார்த்தார். டாக்டர் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக நோயாளிகளை மணிக்கணக்கில் உட்கார வைக்கிறார்கள் என்பது தெரிந்தது. ஆரம்பத்தில் இரண்டு பேரை வரச்சொல்லுங்கள், பிறகு சராசரியாக ஒருவரைப் பார்க்க ஆகும் நேர இடைவெளியில் ஒவ்வொருவராக வரச்சொல்லுங்கள் என்றார். இன்றைக்கும் இதை பெய்லி விதி என்றே சொல்கிறார்கள்.

சரி, மனநலத்துக்கு வருவோம். இதற்கு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா ஊருக்குப் போகவேண்டும்.

அந்த ஊரின் ஓரத்தில் பைபெரி என்று ஓர் அரசு மனநல மருத்துவமனை இருந்தது. ஒரு காலத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மாட்டோம் என்று சொன்ன இளைஞர்களை இங்கே வேலை செய்ய அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் உள்ளே எடுத்த படங்கள் 1946-ல் லைஃப் பத்திரிகையில் வெளியாகி நாடே அதிர்ந்தது. தரையில் அம்மணமாக உட்கார்ந்திருந்த மனிதர்கள். அமெரிக்கா முழுக்க இப்படித்தான் இருந்தது. 1955-ல் அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் சுமார் 5,59,000 பேர்.

அதற்குச் சற்று முன்னால்தான் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து அங்கே வந்திருந்தது. முதன்முறையாக, இவர்களில் பலர் வெளியே வாழ முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1963 அக்டோபர் 31 அன்று ஜனாதிபதி கென்னடி சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அவருடைய தங்கை ரோஸ்மேரி 1941-ல் மூளை அறுவைக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க விடுதியில் அடைபட்டவர். அந்த வீட்டுக்கும் இந்த வலி தெரியும். பெரிய மருத்துவமனைகளைச் சுருக்குவது, ஊருக்கு ஊர் சின்ன மையங்கள் திறப்பது என்பது திட்டம். சுருக்குவது ஜோராக நடந்தது. 1994-ல் உள்ளே இருந்தவர்கள் சுமார் 72,000 பேர்தான். திறப்பதுதான் நடக்கவில்லை. 1,500 மையங்கள் என்று சொன்னார்கள், சுமார் பாதிதான் வந்தது. கடனை வசூல் செய்துவிட்டு டெபாசிட்டைத் திருப்பித் தராத கதை.

பைபெரி 1990 ஜூனில் மூடப்பட்டது. ஃபிலடெல்ஃபியாவைப் பொறுத்தவரை வெளியே ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. படிப்படியாக இறங்கிவருகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்தார்கள். நோய் முற்றியவர்களுக்குத் தீவிர சிகிச்சை ஆஸ்பத்திரி. அதற்கு அடுத்து, கொஞ்சம் நீண்ட நாள் இருப்பதற்கான ஆஸ்பத்திரி. அடுத்து, ஆட்கள் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் இல்லங்கள். கடைசியாக, தனக்கென்று ஒரு வீடு, அவ்வப்போது வந்து பார்த்துப்போக ஒருவர். காகிதத்தில் கச்சிதமான ஏற்பாடு. ஆனால் மேல்படியில் எப்போதும் நெரிசல். குணமாகிப் போகவேண்டியவர்கள் போக இடமில்லாமல், தேவையே இல்லாத தீவிரப் பிரிவில் நாள் கணக்கில் கிடந்தார்கள்.

இதைத்தான் நவோரு கொய்சுமி, எரி குனோ, டோனி ஸ்மித் என்ற மூவர் ஆராய்ந்து 2005-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். முழு ஏற்பாட்டையும் ஒன்றோடொன்று கோத்த வரிசைகளாகப் பார்த்தார்கள். அடுத்த இடம் நிரம்பியிருந்தால் நோயாளி இருக்கிற இடத்திலேயே இருந்தாக வேண்டும், அவர் பெட் வேறு யாருக்கும் கிடைக்காது. இதற்கு அடைப்பு என்று பெயர். கணிதமாகவும் போட்டார்கள், கம்ப்யூட்டரில் ஒத்திகையும் பார்த்து ஒப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி வரிசைகளை ஆராய்ந்தவர்கள் நிறைய உண்டு. ஆனால் அடைப்பைச் சேர்த்துப் பார்த்தவர்கள் அதுவரை அபூர்வம். அவர்களுக்குக் கிடைத்த விடை: கீழே ஒரு குறிப்பிட்ட வகை இடத்தில் இருந்த பற்றாக்குறைதான் மேலே வரை நெரிசலை ஏற்றியிருக்கக் கூடும். அந்த ஓர் இடத்தைச் சரிசெய்வதே மொத்தத்துக்கும் சிறந்த வழியாக இருக்கலாம். எங்கள் பியூன் சொன்ன "பணம் கொடுக்கிற கை"!

இதை நம்ப முடியாதவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. இது என் சொந்தச் சரக்கு, எண்கள் எல்லாம் கற்பனை.

ஒரு வார்டில் 20 பெட். தினம் ஒருவர் வருகிறார். ஒவ்வொருவருக்கும் 20 நாள் சிகிச்சை. ஆக 20 பெட் சரியாகப் போதும். குணமாகிப் போகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒருவருக்கு மட்டும் போக வீடில்லை, அவர் ஹாஃப்வே ஹோமில் 180 நாள் இருந்து பழகவேண்டும். அப்படியென்றால் அந்த ஹோமில் 18 இடம் வேண்டும். ஆனால் அரசாங்கம் 9 இடம்தான் கட்டியிருக்கிறது. பத்தில் ஒருத்தர்தானே, அதிலும் பாதிப் பேருக்கு இடம் இருக்கிறதே, என்ன பெரிய பாதிப்பு வந்துவிடும் என்று தோன்றுகிறதா?

9 இடத்தில் 180 நாளுக்கு ஒருமுறை ஆள் மாறினால் 20 நாளைக்கு ஒரு இடம்தான் காலியாகும். மற்றவர்கள் வார்டிலேயே தங்குவார்கள். போகப் போக, 20 பெட்டில் 10 பெட் சிகிச்சை முடிந்தவர்களாலேயே நிரம்பி நிற்கும். தினம் ஒருவரைச் சேர்த்துக்கொண்டிருந்த வார்டு இரண்டு நாளுக்கு ஒருவரைத்தான் சேர்க்க முடியும். வாசலுக்கு வருகிற இரண்டு பேரில் ஒருவர் திரும்பிப் போகவேண்டும். இப்போது மந்திரி வருகிறார், கூட்டத்தைப் பார்க்கிறார், வார்டில் இன்னும் 10 பெட் போடச் சொல்கிறார். நாடா வெட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். கொஞ்ச நாள் நெரிசல் குறையும். பிறகு அந்தப் பத்தும் அடைபட்டு, பழையபடி இரண்டு நாளுக்கு ஒருவர்! ஏனென்றால் வெளியே போகிற வழி அதே 9 இடம்தான். நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நான் மூன்று தடவை சரிபார்த்தேன், பேங்க்காரன் புத்தி.

இது வெறும் சராசரிக் கணக்கு. சராசரியை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்பது தெரிந்ததுதானே. நிஜத்தில் ஒருநாள் யாருமே வரமாட்டார்கள், மறுநாள் நாலு பேர் வருவார்கள். ஒருவர் பத்து நாளில் போவார், ஒருவர் அறுபது நாள் இருப்பார். சிலர் திரும்பி வருவார்கள். அதனால் சரியாக 20, சரியாக 18 என்று கட்டினால் கட்டாயம் வரிசை நீளும். கொஞ்சம் காலி இடம் இருந்தே ஆகவேண்டும். எவ்வளவு காலி என்று சொல்லத்தான் உலாமின் சீட்டுக்கட்டு தேவைப்படுகிறது. நானும் எக்செல்லில் பகடை உருட்டிப் பார்த்தேன். தங்கமணி, "லோன் கணக்கை இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருந்தால் எப்போதோ சீஃப் மேனேஜர் ஆகியிருக்கலாம்" என்றாள்.

கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் வேதவாக்கும் இல்லை. 2020 மே மாதம், கொரோனாவால் வேலை போவதைக் கணக்கில் எடுத்து, ஆஸ்திரேலியாவில் தற்கொலைகள் 25 முதல் 50 விழுக்காடு வரை கூடலாம் என்று சிட்னி பல்கலைக்கழக மையம் ஒன்றின் சிமுலேஷன் எச்சரித்தது. அந்த ஆண்டு எண்ணிக்கை 2019-ஐ விடக் குறைவாகவே இருந்தது. அரசு சம்பளத்துக்கு மானியம் கொடுத்தது, மனநலச் சேவைக்கும் பணம் ஒதுக்கியது. மாடல் தப்பா, எச்சரிக்கை பலித்து விபத்து தவிர்க்கப்பட்டதா என்று இரண்டு விதமாகவும் வாதாடலாம். லோன் கேட்டு வருகிறவர் கொடுக்கும் அடுத்த ஐந்து வருட லாபக் கணக்கைப் பார்த்துப் பழகியவன் என்பதால் எனக்கு இது புதிதில்லை. எத்தனை, எப்போது என்று அந்தக் கணக்கை அப்படியே நம்பமாட்டேன். ஆனால் எந்த வரி உதைக்கிறது என்று பார்ப்பேன். சிமுலேஷனின் பயனும் அதுதான் என்று நினைக்கிறேன். அடைப்பு எங்கே என்று அது விரலால் காட்டும்.

இனி நம் ஊர். உத்தரப் பிரதேச மனநல மருத்துவமனைகளில் குணமான பிறகும் போக இடமில்லாமல் கிடந்தவர்கள் பற்றி கௌரவ் குமார் பன்சால் என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு நிறைவேறி 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஹாஃப்வே ஹோம் போன்ற இடங்களை அரசு ஏற்படுத்தவேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் 2019-ல் வெளியான ஓர் அறிக்கை 43 அரசு மனநல மருத்துவமனைகளைக் கணக்கெடுத்தபோது, உள்ளே இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓராண்டோ அதற்கு மேலோ இருப்பவர்கள். மேலே போட்ட கற்பனை வார்டு அவ்வளவு கற்பனை இல்லை என்று தெரிகிறதா?

இப்போது அண்ணா கதை.

அண்ணா எங்கள் குடும்பத்தில் முதல் இன்ஜினியராக வரவேண்டியவர். 1998-ல் கடைசி வருஷம் படிக்கும்போது நோய் வந்தது. பெரியம்மா இருந்தவரை வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டார். 2012-ல் பெரியம்மா போனதும் மாத்திரை நின்றது, தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். நாலு மாதத்தில் தேறிவிட்டார். வார்டிலிருந்து சமூகப் பணியாளர் ஒருவர் எனக்கு போன் செய்வார். "சார், உங்க அண்ணா நல்லா இருக்கார். எப்ப வந்து கூட்டிட்டுப் போறீங்க?" நான் அப்போது போபாலில் இருந்தேன். இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ், சின்னப் பெண் குழந்தை, தங்கமணிக்கும் வேலை. "அடுத்த மாசம் பார்க்கலாம் மேடம்" என்பேன். அடுத்த மாதமும் அதையே சொல்வேன். இப்படிப் பதினான்கு மாதம்.

ஒருமுறை லீவில் போயிருந்தபோது வார்டு வாசலில் ஒரு கிராமத்து அம்மா, மகனைத் துண்டால் கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பெட் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். "இவனை வெச்சிக்கிட்டு எப்படிய்யா பஸ் ஏறுவேன்?" என்று என்னைக் கேட்டார், என்னை டாக்டர் என்று நினைத்து. அரசாங்கத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டே உள்ளே போனேன். அண்ணா பெட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வந்துட்டியாடா? ரயில் லேட்டா?" என்றார்.

அன்று புரியவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்து, எக்செல்லில் பகடை உருட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரியில்தான் உறைத்தது. அந்த அம்மாவின் மகனுக்குப் போகவேண்டிய பெட்டில் என் அண்ணா உட்கார்ந்திருந்தார். அவரை அங்கே உட்கார வைத்தது நான். நம் நாட்டில் ஃபிலடெல்ஃபியா மாதிரி நாலு படிகள் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு அடுத்த படி நேராக நம் வீடு. அந்தக் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, வாசலில் ஏன் கூட்டம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் கதவை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டு தூங்காமல் இருப்பதிலும் அர்த்தமில்லை என்று தங்கமணி சொல்கிறாள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அவரைப் பகலெல்லாம் தனியே விட்டிருப்போம், மறுபடி மாத்திரை நின்றிருக்கும் என்கிறாள். அதுவும் உண்மை. வீட்டுக்கும் வார்டுக்கும் நடுவில் ஒரு படி வேண்டும். சென்னையில் 1993-ல் தொடங்கிய பேன்யன் அமைப்பு 2015 முதல் "ஹோம் அகெய்ன்" என்று ஒன்று நடத்துகிறது. வாடகை வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குடும்பம் போல இருப்பார்கள், உதவிக்கு ஆள் உண்டு. ஃபிலடெல்ஃபியாவின் கடைசிப் படி மாதிரிதான், நம் சமையல் வாசனையோடு.

அண்ணாவுக்கும் 2014-ல் வேறொரு தொண்டு நிறுவனம் மூலம் அப்படி ஓர் இடம் கிடைத்தது. சின்ன ஊர், ஓட்டு வீடு, மொத்தம் ஐந்து பேர். காய்கறி வாங்கி வருவதும் மாதக் கணக்கு எழுதுவதும் அண்ணா பொறுப்பு. மாதம் ஒரு தொகை அனுப்புகிறேன், வருஷத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்க்கிறேன். போன தடவை அவர் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பால் கணக்கில் பதினாலு ரூபாய் உதைத்தது. சுட்டிக் காட்டினேன். "அது நீ போன தடவை வந்தப்ப குடிச்ச காபிக்கு எக்ஸ்ட்ரா பால்டா, தனியா எழுதியிருக்கேன் பாரு" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

எழுதியிருந்தது.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் சிலர் வீட்டிலும் இப்படி ஓர் அண்ணாவோ அத்தையோ இருக்கக்கூடும். நாம் புனேயிலோ டெல்லியிலோ இருந்துகொண்டு, "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று போனில் சொல்லிக்கொண்டிருப்போம். அடுத்த முறை அந்த போன் வந்தால், கூட்டிக்கொண்டு போக முடியாவிட்டாலும் பரவாயில்லை, "பக்கத்தில் அப்படிப்பட்ட இல்லம் ஏதாவது இருக்கிறதா மேடம்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். நான் அதைக் கேட்கப் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டேன்.